கவிழ்த்த பானை

முதலில் ஒரு விடுகதை.

எந்த வீட்டில் அது குறைந்தாலும் சிரிப்பார்கள். ஒரே ஒரு தோட்டத்தில் குறைந்தால் மட்டும் தலையில் கை வைப்பார்கள். அது என்ன?

இப்போதே சொல்லிவிடாதீர்கள். வாயில் அடக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயில் வைத்திருக்கச் சிரமமான பதில்தான். கதை முடிகிற வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

“தாயி, எனக்கு மருந்துச்செடி வளர்க்கக் கத்துக்குடு.”

கேட்டவர் தளவாய். கல்யாண வீடுகளில் சமைக்கிறவர். தவசுப்பிள்ளை என்பார்கள் அந்தப் பக்கத்தில். தலை முழுக்க நரை. அண்டாவைக் கட்டித் தூக்கித் தூக்கி அகன்றுபோன தோள்.

கேட்கப்பட்டவள் உலகம்மை. அவருடைய மகள் வயதுதான் இருக்கும். பொதிகை மலை அடிவாரத்தில் மூலிகைத் தோட்டம் வைத்திருந்தாள். ஐப்பசி மழையில் ஊரில் காய்ச்சல் கிளம்பும். அப்போது சுற்றுத் தெருக்களுக்கெல்லாம் நிலவேம்புக் கஷாயம் அந்தத் தோட்டத்திலிருந்துதான் போகும்.

“கரண்டி பிடிச்ச கை. மம்பட்டி பிடிக்குமா, அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

“பிடிக்க வைக்கேன்.”

“இந்த வயசுல எதுக்கு இந்த வேலை?”

தளவாய் தன் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்ற சிறுமியை முன்னால் இழுத்து நிறுத்தினார்.

கோமு. மகள் வயிற்றுப் பேத்தி. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. கோமு தாத்தாவோடு இருந்தாள். முன்பல் விழுந்து, முளைக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

“போன மழைக்கு இவ காய்ச்சல்ல கெடந்தா. ரசம் வச்சேன். கஞ்சி வச்சேன். பருப்புத் தொவையல் அரைச்சேன். ஒரு வாய் எறங்கல. ஊருக்கே பந்தி வச்ச கை, தாயி. பேத்திக்கு ஒரு வாய் ஊட்ட முடியல. கடைசில நீ குடுத்த கஷாயந்தான் கேட்டுச்சு.”

“நானா குடுத்தேன்? செடி குடுத்துச்சு.”

“அப்ப அந்தச் செடியக் காட்டு.”

உலகம்மை நடந்தாள். இருவரும் பின்னால் போனார்கள்.

தோட்டத்துக்கு மேற்கே ஒரு செம்மண் மேடு. விதைக்கு விட்ட நிலவேம்புகள் அங்கே ஒல்லி ஒல்லியாக நின்றன. மேட்டைச் சுற்றி ஒரு முள்ளும் இல்லை.

“வேலி போடலியா, தாயி?”

“வேண்டாம்.”

“ஆடு வருமே?”

“வராது.”

“ஏன்?”

உலகம்மை ஓர் இலையைக் கிள்ளி அவர் கையில் வைத்தாள்.

தளவாய் மென்றார். கண் இடுங்கியது. நாக்கு சுருண்டது. காது மடல் வரைக்கும் என்னவோ ஓடியது. வாய்க்காலில் குனிந்து கொப்பளித்துக்கொண்டே இருந்தார்.

“கைக்குதா, தாத்தா?” என்றாள் கோமு.

“இல்லட்டி. தூசி.”

“தூசி வாயிலயா விழுந்துச்சு?”

வேலியைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை.

*

மறுநாளே மம்பட்டியோடு வந்துவிட்டார். வந்ததும் சமையல்காரர் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“இங்க ருசி பாக்குறது யாரு?”

“பிள்ளைங்க.”

“பிள்ளைங்களா?”

“வருஷா வருஷம் ஒரு கட்டுத் தழையக் காயவச்சு எடுத்து வைப்பேன். அடுத்த வருஷம் அதுல ஒரு கஷாயம், புதுத் தழையில ஒரு கஷாயம். ரெண்டையும் ஒரு பிள்ளை முன்னால வைப்பேன். ரெண்டையும் நாக்குல தொட்டுப் பாத்துட்டு, ஏதாவது ஒண்ண அது குடிக்கணும்.”

“குடிச்சது ஊருக்கா?”

“குடிக்காம தள்ளுறது ஊருக்கு.”

தளவாய் விழித்தார்.

“ஒரு வருஷம் கெடந்த தழையில காரம் கொஞ்சம் போயிருக்கும், அண்ணாச்சி. புதுசு அதை விடக் கடுசா இருக்கணும்லா? பிள்ளை புதுச தள்ளிட்டா, மேட்டுச் செடி அம்புட்டும் மருந்து. புதுசக் குடிச்சிட்டா, அது வெறும் தழை.”

“வெறும் தழையாப் போச்சுன்னா?”

“அந்த மழைக்குக் கஷாயம் கெடையாது.”

அவள் குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

“இந்த வருஷம் மேடு ஒங்களுக்கு” என்றாள்.

“முழுசுமா?”

“முழுசும்.”

*

அடியுரம் போட்டார்கள். ஆட்டுப்புழுக்கையைப் பக்கத்துத் தொழுவத்துச் சடைச்சி கொடுத்தாள். ஆடு மேய்க்கிறவள். ஆட்டைக் கயிற்றால் கட்டுவாள், மனிதர்களை வாயால் கட்டுவாள்.

“தவசுப்பிள்ளைவாள் புழுக்கை அள்ளுதாக! ஜவ்வரிசின்னு பாயசத்துல போட்டுறாதீக!” என்றாள்.

மண்புழு உரம் சலித்தார்கள். பிறகு உலகம்மை ஒரு பெரிய மண்பானையைக் கொண்டுவந்து வைத்தாள்.

சாணம், கோமியம், பால், தயிர், நெய். வெல்லம் கொஞ்சம், கனிந்த வாழைப்பழம் கொஞ்சம், இளநீர் கொஞ்சம். வாய்க்குத் துணி கட்டி, நிழலில் வைத்து, காலையும் மாலையும் கலக்க வேண்டும்.

தளவாய் முகம் மலர்ந்துவிட்டது.

“என்ன தாயி, முதல் ரெண்ட எடுத்துட்டா மிச்சம் பஞ்சாமிர்தச் சாமானால்லா இருக்கு!”

அல்வா கிண்டிய கரண்டியை வீட்டிலிருந்து கொண்டுவந்தார். ஒரே பக்கமாக, அடிபிடிக்காமல், பதம் பார்த்துக் கலக்கினார். புளித்து நுரைத்து மணம் மாறியதும் மூக்கை நீட்டி, “இப்ப எறக்கலாம்” என்றார். சரியாகத்தான் சொன்னார். உலகம்மை தலையசைத்தாள்.

ஒரு செம்புக் கரைசலுக்கு ஓர் அண்டாத் தண்ணீர். அந்த அளவில் நாற்றுகளுக்குத் தெளித்தார்கள். வெளிறி நின்ற நாற்று பச்சை பிடித்தது. தளவாய் ஒவ்வொரு நாற்றின் பக்கத்திலும் உட்கார்ந்து, “சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

செடிகள் சாண் உயரம் வந்தன.

அன்றைக்கு உலகம்மை மிச்சக் கரைசலைத் துளசிப் பாத்தியில் ஊற்றிவிட்டு, பானையை மேட்டின் நடுவே கொண்டுபோய், வாய் மண்ணில் படும்படி கவிழ்த்து வைத்தாள்.

தளவாய் திடுக்கிட்டார்.

“என்ன தாயி இது?”

“நிலவேம்பு சாண் வந்தா பானையக் கவுத்திருவோம். எங்க அப்பா காலத்துலருந்தே அப்படித்தான்.”

தளவாயின் தொழிலிலும் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பந்தியில் கடைசி ஆள் கை கழுவுகிற வரை அண்டாவைக் கவிழ்க்க மாட்டார்கள். சாப்பாடு தீர்ந்து போனாலும் கவிழ்க்க மாட்டார்கள். பசியோடு ஒருவர் இருக்கும்போது பாத்திரத்தைக் கவிழ்க்கிற சமையல்காரனை அடுத்த கல்யாணத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஏன் கவிழ்க்கிறாய் என்று கேட்க வாய் திறந்தார். அதற்குள் உலகம்மையின் செல்போன் அடித்தது. விக்கிரமசிங்கபுரத்தில் அக்காவுக்குப் பிரசவ வலி.

உலகம்மை ஓடினாள். தளவாயும் பஸ் நிறுத்தம் வரை பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“நான் என்ன செய்யணும், தாயி?”

“ஒண்ணும் செய்யாண்டாம்.”

“தண்ணி?”

“எலை தொவண்டா மட்டும்.”

“பசிச்சா?”

பஸ் கிளம்பிவிட்டது.

*

தளவாய் மேட்டுக்குத் திரும்பினார்.

வெயில் அடித்தது. மேல்காற்று வீசியது. சாண் உயரச் செடிகள் ஒல்லி உடம்பை ஆட்டிக்கொண்டு நின்றன. நடுவே கவிழ்ந்த பானை.

பந்தியில் இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, பரிமாறாமல் போய்விட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

பொறுத்துப் பார்த்தார். ஒரு வாரம்கூடப் பொறுக்க முடியவில்லை.

பானையை நிமிர்த்தினார்.

மறுபடி கரைசல் கூட்டி, முதலில் பழைய அளவில்தான் ஊற்றினார். செடிகள் வாங்கிக்கொண்டன. வாங்கிக்கொள்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை. வெல்லத்தைக் கூட்டினார். பாலைக் கூட்டினார். தண்ணீரைக் குறைத்தார். வெயிலில் நிற்கிறதுகளே என்று தென்னங்கீற்றில் பந்தலும் போட்டார்.

மீனும் வெல்லமும் சம எடை போட்டு மூடி வைத்தால் செடிக்கு நல்ல சத்து என்று சந்தையில் யாரோ சொன்னார்கள். தளவாய் சைவத் தவசுப்பிள்ளை. மீன் விற்கிற தெருப் பக்கம்கூட நடக்காதவர். அவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு போய் மீன் கழிவு வாங்கி வந்தார்.

“தாத்தா, நாறுது” என்றாள் கோமு.

“நமக்குத்தான் நாறும். அதுகளுக்கு அது கல்யாணச் சாப்பாடு.”

செடிகள் வளர்ந்தன. முழங்காலைத் தாண்டின. இலை அகன்றது. தண்டு தடித்தது. பச்சை கருத்து மினுங்கியது. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

“நிலவேம்பா இது? தண்டங்கீரைன்னுல்லா நெனச்சேன்!” என்றாள் சடைச்சி.

தளவாய்க்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு இன்னும் ஒரு செம்பு கூட ஊற்றினார்.

*

அக்காவுக்குப் பேறுகாலம் பார்த்து முடித்து உலகம்மை திரும்பி வந்தபோது தளவாய் தோட்டத்து வாசலிலேயே மறித்துக்கொண்டார். கையில் கம்பு. முகம் சிவந்திருந்தது.

“தாயி, மொதல்ல வேலி போடணும்! சடைச்சி ஆடு மேட்டுக்குள்ள பூந்துட்டு. ஒரு வரிசையவே மேஞ்சிட்டு!”

“எந்த மேட்டுக்குள்ள?”

“நம்ம மேட்டுக்குள்ளதான்! அந்தக் கொம்பு முறிஞ்ச கெடா. அடிச்சு வெரட்டுதேன், திரும்பத் திரும்ப வருது.”

சடைச்சி பின்னாலிருந்து கத்தினாள். “சமையல் அம்புட்டு நல்லாருக்கு, அண்ணாச்சி! எங்க கெடா ரெண்டாவது பந்திக்கு நிக்குது!”

உலகம்மை கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள். வைத்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஆடு தின்னுச்சா?” என்றாள் மெதுவாக.

“ஆமாங்கேன்!”

“நிலவேம்பையா?”

தளவாய் கம்பை மேட்டுப் பக்கம் நீட்டினார்.

உலகம்மை எழுந்து மேட்டுக்குப் போனாள். பந்தலைப் பார்த்தாள். நிமிர்ந்து நின்ற பானையைப் பார்த்தாள். ஓர் இலையைக் கிள்ளினாள். பெரிய இலை. அதை அவர் கையில் வைத்தாள்.

தளவாய் மென்றார்.

கண் இடுங்கவில்லை. நாக்கு சுருளவில்லை. ஊருக்கெல்லாம் உப்புப் பார்த்த நாக்கு அது. பொய் சொல்லத் தெரியாது.

“கீரை மாதிரி இருக்கு” என்றார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. கம்பு கையிலிருந்து நழுவியது.

*

“எல்லாத்தையும் பிடுங்கிருதேன், தாயி. மறுபடி விதைக்கேன்.”

“மழைக்கு முன்னால வராது.”

“அப்ப என்ன செய்ய?”

“எனக்குத் தெரியலை, அண்ணாச்சி. நாங்க ஒரு நாளும் கவுத்த பானைய நிமுத்தினது இல்ல.”

அவள் திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். ஏற்கெனவே அந்தக் காலையில் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து, இந்த வருஷம் தழை எப்படி என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். போன வருஷத் தழை ஒரே ஒரு கட்டுதான். ஒரு தெருவுக்கும் போதாது.

கோமு மேட்டோரத்தில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். போன மழையில் அந்தக் கால் எவ்வளவு கொதித்தது என்பது தளவாயின் உள்ளங்கைக்கு இன்னும் மறக்கவில்லை.

“பந்தியில ஒரு ஆளு அளவுக்கு மேல தின்னுட்டா என்ன செய்வீக?” என்று கேட்டாள் உலகம்மை.

“எலைய எடுத்துருவேன்.”

“எடுத்துட்டா?”

“எடுத்தா மட்டும் காணாதே. நான் போட்டதெல்லாம் மண்ணுக்குள்ளல்லா கெடக்கு.”

உலகம்மை பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

தளவாய் மேட்டில் உட்கார்ந்தார். மண்ணை ஒரு கை அள்ளினார். கறுத்து, எண்ணெய் விட்ட மாதிரி இருந்தது.

சமைத்தது மிஞ்சிவிட்டால் தான் என்ன செய்வேன் என்று யோசித்தார். கொட்ட மாட்டேன். தெருவில் இறங்கி ஆள் கூப்பிடுவேன்.

எழுந்துகொண்டார்.

முதலில் பானையைத் தூக்கினார். மிச்சக் கரைசலை வல்லாரைப் பாத்திக்குக் கொண்டுபோனார். வேண்டிய அளவு தண்ணீர் கலந்து ஊற்றினார். வல்லாரை சந்தோஷமாக வாங்கிக்கொண்டது. பானையை மேட்டின் நடுவே எடுத்துவந்தார். கவிழ்த்தார்.

பந்தலைப் பிரித்தார். நிலவேம்பை எல்லாம் அடியில் ஒரு கணு விட்டு அறுத்தார். அறுத்த தழையைச் சடைச்சி வீட்டு ஆடுகள் தின்றன. பார்த்துக்கொண்டே நின்றார், கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் வரிசைகளுக்கு நடுவே எதையோ விதைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன செய்யுதீக, அண்ணாச்சி?” என்றாள் உலகம்மை.

“பந்தி வைக்கேன்.”

“யாருக்கு?”

“கம்பம்பயிருக்கு. நல்லாத் திங்கிற சாதி. நான் கொட்டினத அது தின்னு தீக்கட்டும். எட்டி வளந்து நெழல் கட்டுறதுக்கு முன்னால அறுத்து ஆட்டுக்குப் போட்டுருவேன். மறுபடி விதைப்பேன். தீருற வரைக்கும்.”

உலகம்மை உள்ளே போனாள். மடியில் கம்பு விதையைக் கட்டிக்கொண்டு வந்து, மேட்டின் அடுத்த முனையில் குனிந்து விதைக்க ஆரம்பித்தாள்.

*

கரண்டியை அவளிடம் கொடுத்துவிடப் பார்த்தார்.

“வாங்கிக்கோ, தாயி. எங்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது.”

“நான் வாங்கிட்டா கரண்டிதான் சும்மா இருக்கும். கையி?”

கரண்டியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். தினமும் அதோடுதான் மேட்டுக்கு வந்தார். ஒரு நாளும் எடுக்கவில்லை.

கம்பு முளைத்தது, திமுதிமுவென்று எழுந்தது. அறுத்தார். மறுபடி விதைத்தார். இரண்டாவது கம்பு அவ்வளவு வேகம் இல்லை. அதையும் அறுத்தார். மூன்றாவதாக வந்தது வெளிறிச் சோர்ந்து நின்றது. தளவாய் அதைப் பார்த்துச் சிரித்தார். செடி சோர்ந்ததைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அறுத்த நிலவேம்பில் புதுத் துளிர் வந்தது. வெயில் நேராக அடித்தது. தண்ணீர் இலை துவண்டால் மட்டும். பாதிச் செடி துவள்கிற நேரத்தில் தளவாய் வாய்க்கால் ஓரமாகப் போய் நின்றுகொள்வார். முழுவதும் துவண்ட பிறகுதான் மடையைத் திறப்பார்.

“தாத்தா, செடி பாவம்” என்பாள் கோமு.

“ஆமட்டி.”

“தண்ணி விடுங்க.”

“விடுவேன். இன்னும் செத்த நேரம்.”

சாயந்தரமானால் சடைச்சி வீட்டு வாசலில் போய் நிற்பார்.

“அந்தக் கெடாவ ஓட்டிட்டு வாங்க.”

“இது நல்லாருக்கே! அன்னைக்குக் கம்ப எடுத்து வெரட்டினீக. இன்னைக்கு வெத்தல பாக்கு வைக்காத கொறையா அழைக்கீக.”

கொம்பு முறிந்த கிடா வந்தது. முதலில் துளிரைக் கடித்தது, மென்றது, விழுங்கியது. தளவாய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

வாரங்கள் போயின. கிடா ஒரு வாய் கடித்தது. நின்றது. கம்புத் தட்டைப் பக்கம் நகர்ந்தது.

இலைகள் சிறுத்தன. தண்டு மெலிந்து விறைத்தது. உச்சியில் முதல் மொட்டுகள் தெரிந்தன. அன்றைக்குக் கிடா மூக்கை மட்டும் நீட்டியது. ஒரு தும்மல் போட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, யார் என்ன சொல்லியும் கேட்காமல் வீட்டைப் பார்த்து நடந்தது.

தளவாய் அதன் பின்பக்கத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“கோயில் கெடாவக்கூட இப்படி ஒருத்தரும் கும்பிட்டதில்ல!” என்றாள் சடைச்சி.

தளவாய் உலகம்மையிடம் ஓடினார்.

“ஆடு திங்கல, தாயி!”

“ஆடு சொல்லிட்டு. பிள்ளை சொல்லணும்” என்றாள் உலகம்மை.

*

ஐப்பசி பிறந்தது. மலையில் மேகம் இறங்கி உட்கார்ந்தது. மழை பிடித்துக்கொண்டது.

அறுத்துக் காயவைத்த மேட்டுத் தழை கூரைக்கு அடியில் கட்டுக் கட்டாகத் தொங்கியது. ஊருக்கா, ஆட்டுக்கா என்று இன்னும் தெரியவில்லை.

காலையில் சடைச்சி தூக்குவாளியோடு வந்தாள். அன்றைக்கு அவள் வாயில் கேலி இல்லை.

“பேரனுக்கு நேத்துலருந்து கொதிக்குது, உலகு. மேலத் தெருவுலயும் ரெண்டு பிள்ளைக படுத்துட்டாக. இருக்கா, இல்லியா?”

“இப்பத் தெரிஞ்சிரும், அக்கா. உக்காருங்க.”

தளவாய் அடுப்பு மூட்டினார். இரண்டு பானை வைத்தார். ஒன்றில் போன வருஷத் தழை. இன்னொன்றில் மேட்டுத் தழை. ஒரே அளவு தழை, ஒரே அளவு தண்ணீர்.

ஒரு பானையை மட்டும் கூடக் கொஞ்ச நேரம் சுண்ட விட்டால் கடுசாகிவிடும். அது எந்தச் சமையல்காரனுக்கும் தெரியும். உலகம்மைக்கும் தெரியும். அவள் வேண்டுமென்றே வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தளவாய் இரண்டையும் சேர்த்து ஏற்றினார். சேர்த்து இறக்கினார்.

எவர்சில்வர் டம்ளர் இரண்டு. ஒன்றில் பக்கவாட்டில் ஒடுக்கு விழுந்திருந்தது. ஒடுக்கு டம்ளரில் போன வருஷக் கஷாயத்தை ஊற்றினார். நல்ல டம்ளரில் தன் மேட்டுக் கஷாயத்தை ஊற்றினார். இரண்டிலும் ஒரு மடக்குதான்.

கோமு பலகையில் வந்து உட்கார்ந்தாள். புதுப் பல் பாதி முளைத்திருந்தது.

“ரெண்டையும் நாக்குல தொட்டுப் பாரு. ஏதாவது ஒண்ணக் குடிச்சாகணும்” என்றாள் உலகம்மை, வாசலில் நின்றபடியே.

கோமு இரண்டு டம்ளரையும் பார்த்தாள். தாத்தாவைப் பார்த்தாள்.

“ஒங்க செடி எது, தாத்தா?”

“எதுக்குட்டி?”

“ஒங்க செடியவே குடிக்கேன்.”

சடைச்சி தூக்குவாளியை இறுகப் பிடித்தாள். உலகம்மை திரும்பவில்லை. மழை கூரையில் கொட்டியது.

தளவாய் வேட்டி மடிப்பிலிருந்த கரண்டியைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்ல மாட்டேன்” என்றார்.

கோமு நல்ல டம்ளரை எடுத்து நாக்கை நீட்டித் தொட்டாள். ஒடுக்கு விழுந்த டம்ளரை எடுத்துத் தொட்டாள்.

பிறகு நல்ல டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, ஒடுக்கு விழுந்த டம்ளரை எடுத்துக் குடித்தாள்.